கணினி தந்த மெட்டும் பதிப்புரிமையும்

கணினி அல்லது செயற்கை நுண்ணறிவுச் செயலி உருவாக்கும் இசைக்கு உரிமையாளர் யார் என்ற கேள்வி அண்மையில்தான் எழுந்தது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் மேசைக்கு அது 1960-களிலேயே வந்துவிட்டது. அதன் வேர் அதற்கும் முந்தைய காலத்தில் இருக்கிறது. (தமிழ் இதழ்கள் சில பதிப்புரிமையைக் 'காப்புரிமை' என்று எழுதுகின்றன. காப்புரிமை என்பது புதுக் கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படுவது. பாட்டு, கதை, ஓவியம் போன்ற படைப்புகளுக்கு உரியது பதிப்புரிமை.)

ஒளிப்படக் கருவியில் தொடங்கிய வழக்கு

நியூயார்க் ஒளிப்படக் கலைஞர் நெப்போலியன் சரோனி, எழுத்தாளர் ஆஸ்கர் ஒயில்டைப் படம் எடுத்தார். பரோ-கைல்ஸ் என்ற அச்சு நிறுவனம் அந்தப் படத்தை அனுமதியின்றி 85,000 படிகள் அச்சிட்டது. படத்தை எடுத்தது கருவி, அதில் மனிதரின் படைப்பு எதுவும் இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். 1884-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒயில்டை அமரவைத்த விதம், உடை, திரை, ஒளி, நிழல் ஆகியவற்றைத் தீர்மானித்தது சரோனியின் மனம் என்றும், ஆகவே படத்தின் ஆசிரியர் அவரே என்றும் தீர்ப்பளித்தது. செயற்கை நுண்ணறிவு குறித்த இன்றைய வழக்குகளிலும் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

இசையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பாடலில் இரண்டு தனித்தனிப் படைப்புகள் அடங்கியிருக்கின்றன. மெட்டும் வரிகளும் சேர்ந்த இசையாக்கம் ஒன்று. அதைப் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. தானியங்கி பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்களை மனிதர் படிக்க முடியாது, எனவே அவை இசைத்தாளின் படிகள் ஆகா என்று 1908-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, ஒரு சுருளுக்கு 2 சென்ட் வீதம் இசையமைப்பாளருக்குக் கிடைக்கச் செய்தது. ஒலிப்பதிவுக்கான கூட்டாட்சிப் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15 முதலே நடைமுறைக்கு வந்தது. இந்த இரட்டை உரிமையை மனத்தில் கொண்டால்தான் பின்னர் வருபவை விளங்கும்.

இல்லியாக் கணினியின் நால்வர் இசை

1956-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர், லியோனார்டு ஐசக்சன் ஆகிய இருவரும் 'இல்லியாக்' கணினியைக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசையை உருவாக்கினர். ஹில்லர் வேதியியல் படித்தவர். கணினி கண்மூடித்தனமாக எண்களை எடுக்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு சுரம். மேலைச் செவ்வியல் இசையின் இலக்கணத்துக்கு ஒவ்வாத சுரங்கள் தள்ளப்படும், ஒத்தவை நிற்கும். கணினி தந்ததைக் கையால் இசைக்குறிகளாக மாற்றி எழுதினர். விதிகளை வகுத்ததும், விளைந்தவற்றிலிருந்து தேர்ந்து தொகுத்ததும் அவர்கள் இருவருமே என்பதால், 'இல்லியாக் சூட்' அவர்களின் பெயரில் வெளியானதில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

பதிப்புரிமை அலுவலகத்துக்கு உறுத்தல் சில ஆண்டுகளில் வந்தது. கணினி ஆக்கிய இசை பதிவுக்கு வந்திருப்பதை அலுவலகத்தின் 1965-ஆம் நிதியாண்டு அறிக்கை குறிப்பிட்டது. படைப்பு அடிப்படையில் மனிதருடையதா, கணினி வெறும் துணைக்கருவியா, அல்லது படைப்பின் கூறுகளைக் கருதியதும் நிறைவேற்றியதும் இயந்திரமேயா என்பதுதான் அது எழுப்பிய கேள்வி. அறுபது ஆண்டுகள் கடந்தும் இதைவிடத் தெளிவான கேள்வியை யாரும் கேட்டுவிடவில்லை.

மனிதர் இல்லையேல் ஆசிரியர் இல்லை

ஸ்டீபன் தாலர் என்பவர் தம் கணினி அமைப்பு தானாக வரைந்த ஓவியத்துக்கு, அந்த அமைப்பையே ஆசிரியராகக் காட்டிப் பதிவு கோரினார். அலுவலகம் மறுத்தது. 2023 ஆகஸ்டு 18 அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச் 18 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த மறுப்பை உறுதி செய்தன. இதற்கிடையே 2023 பிப்ரவரியில் 'சார்யா ஆஃப் த டான்' என்ற படக்கதைக்கு அலுவலகம் வேறு விதமாக விடை சொன்னது: எழுத்தும், படங்களை அடுக்கிய முறையும் ஆசிரியருடையவை, செயலி வரைந்த படங்கள் அவருடையவை அல்ல. ஒரே நூலுக்குள் ஒரு பகுதிக்கு உரிமை உண்டு, மற்றொரு பகுதிக்கு இல்லை.

2025 ஜனவரி 29 அன்று வெளியான அறிக்கை இதை விரித்துரைத்தது. செயலிக்குக் கட்டளை எழுதுவது மட்டும் போதாது. நூறு முறை கட்டளையை மாற்றி, வந்தவற்றில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் அது ஆக்கம் ஆகாது. மனிதர் தாமே ஆக்கியது விளைவில் புலப்பட்டால் அந்தப் பகுதிக்கு உரிமை உண்டு. செயலி தந்ததை அவர் படைப்புத்திறனோடு திருத்தினாலோ தொகுத்தாலோ அந்தத் திருத்தத்துக்கும் தொகுப்புக்கும் உண்டு.

இசையமைப்பாளருக்கு இதன் பொருள் என்ன? செயலி ஒரு பல்லவிக்கு மெட்டுத் தருகிறது. அதை அப்படியே வெளியிட்டால், நாளை வேறொருவர் அந்த மெட்டை எடுத்தாளும்போது தடுக்க வழியில்லை. அதே மெட்டைத் தாமே பாடிப் பதிவு செய்தால் அந்த ஒலிப்பதிவு அவருடையது. மெட்டு அப்போதும் அவருடையது அன்று. மெட்டைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, சுரங்களை மாற்றி, சரணத்துக்குப் புதிய மெட்டுப் போட்டு, வரிகளைத் தாமே எழுதினால் அவர் ஆக்கியவை அவருக்கு உரியவை. பதிவு விண்ணப்பத்தில் செயலியின் பங்கு சிறிதளவுக்கு மேல் இருந்தால் அதைச் சொல்லி, உரிமைக் கோரிக்கையிலிருந்து விலக்கவேண்டும் என்பது 2023 மார்ச் முதல் உள்ள விதி. கையெழுத்துப் படிகள், ஒத்திகைப் பதிவுகள், திருத்தக் கோப்புகள் ஆகியவற்றைத் தேதியோடு சேமித்து வைப்பவருக்கே தம் பங்கைக் காட்டுவது எளிது. செயலி நிறுவனம் சந்தா கட்டியவருக்கு 'உரிமை உங்களுக்கே' என்று எழுதித் தருவதை இதனோடு குழப்பக்கூடாது. அது இருவருக்கிடையேயான ஒப்பந்தம். சட்டம் தராத பதிப்புரிமையை அது உண்டாக்காது.

இரண்டு பாடல்கள்

நாட்டுப்புறப் பாணிப் பாடகர் ராண்டி டிராவிஸ் 2013-இல் பக்கவாதத்தால் பாடும் திறனை இழந்தார். 2024 மே மாதம் அவருடைய புதிய பாடல் வெளியானது. வேறொரு பாடகர் பாடியதன்மேல், டிராவிசின் பழைய பதிவுகளால் பயிற்றுவிக்கப்பட்ட செயலி அவருடைய குரலைப் போர்த்தியது. இங்கே செயலி கருவியாக மட்டும் பயன்பட்டதால் அந்த ஒலிப்பதிவை அலுவலகம் பதிவு செய்தது. பேச்சே தடுமாறும் ஒருவர் மீண்டும் பாட்டுக்குள் வந்தது இந்த வரலாற்றின் மிக நெகிழ்வான பக்கம்.

அதே ஆண்டில் நகைச்சுவைக் கலைஞர் வில்லோனியஸ் ஹாட்சர் ஒரு கேலிப்பாட்டின் வரிகளைத் தாமே எழுதி, 'யூடியோ' செயலியில் பழைய சோல் பாணி இசையோடு பாட வைத்தார். அது கணினிப் பாட்டு என்று அறியாமலே புகழ்பெற்ற தயாரிப்பாளர் மெட்ரோ பூமின் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தம் இசையில் சேர்த்தார்; அது இணையமெங்கும் பரவியது. அலுவலகத்தின் விளக்கப்படி பார்த்தால் ஹாட்சருக்கு உறுதியான பிடி வரிகளில்தான். கேட்போரை ஈர்த்த அந்தக் குரலும் இசையும் யாருக்கும் சொந்தமல்ல.

பிரிட்டனும் இந்தியாவும்

பிரிட்டன் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறு வழியை எடுத்தது. மனித ஆசிரியர் இல்லாத கணினிப் படைப்புக்கு, அது உருவாகத் தேவையான ஏற்பாடுகளைச் செய்தவரே ஆசிரியர். உரிமைக் காலம் 50 ஆண்டுகள். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2(டி) பிரிவில் இதையொத்த ஒரு வரியைச் சேர்த்தது: கணினி ஆக்கிய இசைப் படைப்புக்கு, அது உருவாகக் காரணமானவர் ஆசிரியர்.  பிரிட்டனைப் போல இதற்கெனத் தனிக் காலவரம்பு இந்தியச் சட்டத்தில் இல்லை. ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்ற பொதுவிதியே பொருந்தும்.