ஊர் கொடுத்த நாலு பைசா

என் பேத்தி எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் வீட்டில் இட்லி எடுத்து வைத்தால், "வேணாம் தாத்தா, இன்னைக்கு ஸ்கூல்ல கிச்சடி" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்ட காலை உணவுத் திட்டம் அது. நல்ல காரியம். போன வாரம் அவளைக் கொண்டுவிடப் போனவன் கேட்டருகே நின்று, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 38 வருடம் பள்ளிக்கூடத்திலேயே கிடந்தவனுக்குக் கேட்டோடு நின்றுவிடுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தத் தட்டுகளைப் பார்த்ததில் கிளம்பிய நினைவுகள்தாம் இவை.

எங்கள் ஊர் இருக்கும் பகுதியை இன்று எல்லோரும் ஆரோவில் என்கிறார்கள். என் சிறு வயதில் அந்தப் பெயர் கிடையாது. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை, பொம்மையார்பாளையம், இரும்பை என்று ஊர்ப் பெயர்கள்தாம். மாவட்டமும் தென்னார்க்காடு, விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-ல். மரம் மட்டை அதிகமில்லாத செம்மண் மேடு. மழை பெய்தால் நிலத்தை வாய்க்கால் வாய்க்காலாக அரித்துக்கொண்டு தண்ணீர் சிவப்பாகக் கடலுக்குப் போகும். வரகும் கம்பும் மல்லாட்டையும் போட்டுப் பிழைத்த சனங்கள். பள்ளிக்கூடம் என்பது ஒரு கூரைக் கொட்டகை, இரண்டு வாத்தியார்கள், மணியடிக்க ஒரு தண்டவாளத் துண்டு.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் யோசனை நம் மாகாணத்தில் பழையது. 1920-லேயே பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிவைத்தார். கிராமங்களுக்கு அது வந்தது காமராசர் காலத்தில். 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அது முழுக்க முழுக்க ஊர்க்காரர்களின் நன்கொடையை நம்பியே நடந்தது. மறு வருடக் கடைசியில்தான் அரசாங்கம் பங்கு கொடுத்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்து நயா பைசா என்று கணக்கு. அதில் ஆறு பைசா அரசாங்கம், நாலு பைசா ஊர். என் வயதுக்காரர்களுக்கு நயா பைசா நினைவிருக்கும். 1957 ஏப்ரலில் வந்த புதுக் காசு. அணாவையும் பைசாவையும் மாற்றிக் கணக்குப் போடத் தெரியாமல் பெரியவர்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த நாலு பைசாவை எங்கள் ஊர் காசாகக் கொடுக்கவில்லை. காசு எங்கே இருந்தது? பிடி அரிசிதான். சனிக்கிழமைகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளைத் தெருவுக்கு இரண்டு பேராகப் பிரித்து, பானையோடு தலைமையாசிரியர் அனுப்புவார். எனக்கு எட்டு வயது; பெரிய பையன்களுக்குப் பின்னால் எடுபிடியாகப் போவேன். எந்த வீட்டில் புழுங்கல், எந்த வீட்டில் நொய், எந்த ஆயா "நாளைக்கு வாடா" என்பாள் என்பதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அரிசி இல்லாத வீட்டில் கேழ்வரகு கொடுப்பார்கள். அதற்குத் தனிப் பானை. விறகு பொறுக்குவது, தண்ணீர் சேந்துவது, பள்ளித் தோட்டத்துக் கீரையை ஆய்வது எல்லாம் பிள்ளைகள் வேலை. இதற்கெல்லாம் இப்போது மன்றம், குழு என்று பெயர் இருக்கிறது. அப்போது பெயர் இல்லை, வேலை இருந்தது.

அதே காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் நடந்தன. கல்வித் துறையின் இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சி. 1958-ல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் மாநாடு. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று பட்டியல் போட்டு, அந்தந்த ஊர்க்காரர்களையே மேடையில் வைத்து, நீ பெஞ்சு கொடு, நீ கடிகாரம் கொடு, நீ சுவர் எழுப்பிக் கொடு என்று கேட்டு வாங்கினார்கள். எங்கள் பள்ளிக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது. கொடுத்தவர் தினமும் காலையில் வந்து, ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கழனிக்குப் போவார். வாத்தியார் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான்!

இதுவரை எழுதியதைப் படித்தால் அந்தக் காலம் பொற்காலம் என்று தோன்றும். நானும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கூட்டங்களில் அப்படித்தான் பேசிவந்தேன். ஊரே கை கொடுத்தது, இன்று யார் வருகிறார்கள் என்று. ஆனால் ஊர் அரிசி கொடுத்தபோது ஊரின் வழக்கமும் அரிசியோடு உள்ளே வந்தது. பானை தூக்கிய நாங்கள் ஒரு தெருவுக்கு மட்டும் போனதில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் பந்தியில் கடைசியில் உட்கார்ந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, அவர்களாகவே போய் உட்காருவார்கள். வாத்தியார் ஒரு நாள் எல்லோரையும் கலைத்து உட்காரவைத்தபோது, அடுத்த சனிக்கிழமை நாலைந்து வீடுகளில் பானைக்கு ஒன்றும் விழவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பத்து வருடம் தாண்டி வருகிறேன். 1968 பிப்ரவரி 28. நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேட்டில், ஒற்றை ஆலமரத்துக்குப் பக்கத்தில், பந்தல் போட்டுப் பெரிய விழா. 124 நாடுகளிலிருந்தும் நம் மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் பிடி மண் கொண்டுவந்து, தாமரை மொட்டுப் போன்ற பளிங்குத் தாழியில் போட்டார்கள். புதுச்சேரியில் தன் அறையிலிருந்தே ஸ்ரீ அன்னை பிரெஞ்சில் வாசித்த செய்தி வானொலி வழியாக வந்தது. தமிழிலும் வாசித்தார்கள். எங்கள் ஊர்ச் சிறுவர்கள் ஓரமாக நின்று, பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிடி அரிசி தூக்கிய எனக்குப் பிடி மண் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

பயிற்சி முடித்து 1970-ல் எனக்கு வேலை கிடைத்தது சொந்த ஊரில் அல்ல, வடக்கே மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய ஒரு குப்பத்துப் பள்ளியில். கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று ஏது? மணலும் முள்ளுமாக ஒரு வழி. உப்பளமோ மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பார்கள். அவ்வளவு பழம்பெருமை இருந்தும், பள்ளிப் பிள்ளைகளின் காலில் உப்புப் புண் ஆறியதில்லை.

அங்கே வருகைப் பதிவேடு உப்பின் பருவத்தைப் பார்த்து நடந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும், பள்ளி நிறையும். பொங்கல் முடிந்து பாத்தி திருத்த ஆரம்பித்தால் பெஞ்சுகள் காலியாகும். உப்பு வாரும் மாதங்களில் விடியுமுன்பே குடும்பத்தோடு போய்விடுவார்கள். ஆண்டுத் தேர்வு எழுத ஆளிருக்காது.

மதிய உணவும் அங்கே இருந்தது, பேருக்கு. அமெரிக்கக் கேர் அமைப்பு கொடுத்த பால் பவுடர், கோதுமை எல்லாம் வரும். ஆனால் ஊர்ப் பங்குக்கு அந்தக் குப்பத்தில் யாரிடம் போய்ப் பானை நீட்டுவது? கூலி கிடைத்த அன்று அரிசி வாங்கும் வீடுகள். எங்கள் பள்ளிக்கு முப்பது பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. மழைக்காலத்தில் வருவதோ ஐம்பதுக்கு மேல். யார் அந்த முப்பது பேர் என்று தீர்மானிப்பது இருபத்திரண்டு வயதான என் கையில் இருந்தது.

பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி மாணவர் அமைச்சரவை வைத்திருந்தேன். புளியங்கொட்டைதான் ஓட்டு. சுகாதாரத்துக்கு ஒருவன், தோட்டத்துக்கு ஒருவன், உணவுக்கு நாலாம் வகுப்பு படித்த ஒரு பெண். அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். என்னைக் கேட்கவில்லை. பட்டியலில் இருப்பவன் பக்கத்தில் இல்லாதவன் ஒருவனை உட்காரவைத்து, ஒரு தட்டில் இரண்டு பேர். அகப்பையால் அளந்து போட்டுக்கொண்டு வருவாள். சில வாரம் நடந்திருக்கிறது. நான் கவனித்தும் கவனிக்காமலும் இருந்தேன். டெபுடி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ரிஜிஸ்டரில் முப்பது, பந்தியில் ஐம்பது என்றால் வேலை என்னாகும்? எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினேன். "யாரைக் கேட்டு இதெல்லாம் பண்றே?" என்றேன். பட்டியலில் இல்லாதவர்களை எழுப்பி வெளியே அனுப்பினேன். அவர்கள் சத்தம் போடாமல் எழுந்து போனதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

பொங்கலுக்குப் பிறகு அவள் வரவில்லை. விதிப்படி நாள் எண்ணி, சிவப்பு மையால் பெயரை அடித்தேன். அடித்த பிறகுதான் மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். தலையில் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் அவளே கேட்டாள்: "இப்ப யாரு சார் சோறு அளக்கறது?" பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பணம் எங்கிருந்து வரும், இது ஓட்டுக்கான திட்டம் என்று படித்தவர்கள் நிறையப் பேர் சொன்னார்கள். எங்கள் ஆசிரியர் அறைகளிலும் முணுமுணுப்பு இருந்தது. எனக்கு அதில் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். முப்பது என்ற எண்ணிக்கை போய்விட்டது. ஊர்ப் பங்கு என்ற பேச்சும் இல்லை. வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு. அடுத்த உப்புப் பருவத்தில் காலையில் காணாத பிள்ளைகள் மதியம் காலில் உப்புச் சேற்றோடு வந்து சேர்ந்தார்கள். காலை ஆப்சென்ட், மதியம் பிரசன்ட். சோற்றுக்காகத்தான் வந்தார்கள், சந்தேகமில்லை. வந்தவர்களில் சிலர் நாலு மணி வரை இருந்தார்கள். ஏப்ரலில் தேர்வும் எழுதினார்கள். நாலு பைசா திட்டத்தால் அந்தக் குப்பத்தில் முடியாதது அப்போதுதான் முடிந்தது.

1984-ல் மாறுதல் வாங்கிக்கொண்டு எங்கள் பக்கமே வந்தேன். மேடு பாதி அடையாளம் தெரியவில்லை. ஆரோவில்காரர்கள் வரப்புக் கட்டி மழைத் தண்ணீரை நிறுத்தி, மரம் வைத்துக்கொண்டே போயிருந்தார்கள். ஆடு மேய்ப்பவர்களோடு தகராறும் கூடவே இருந்தது. எங்கள் பள்ளியில் வனமகோத்சவம் என்றால் வருடா வருடம் அதே குழியில் புதுக் கன்று. 1950-ல் முன்ஷி தொடங்கியதிலிருந்து எத்தனை கன்று தின்றதோ அந்தக் குழி! ஒரு வருடம் காட்டு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, கன்று வைக்குமுன் முள்வேலி போடச் சொல்லிக்கொடுத்தார். ஆடு மேய்க்கும் வீட்டுப் பையனையே தோட்ட அமைச்சராக்கினோம். அந்த வருடம்தான் கன்று பிழைத்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குக் கூட்டிப்போய், இந்த மண்ணின் பழைய மரங்கள் எவை என்று காட்டுவதும் வழக்கமானது.

இடையஞ்சாவடியில் உதவி பள்ளி, ஆலங்குப்பம் பக்கம் இசை அம்பலம், குயிலாப்பாளையத்தில் நியூ கிரியேஷன் என்று ஆரோவில் நடத்தும் பள்ளிகள் கிராமத்துப் பிள்ளைகளுக்காக வந்தன. பாட்டும் படமும் விளையாட்டும் அங்கே பாடத்தோடு சேர்ந்தே நடந்தன. எங்கள் பிள்ளைகள் சிலர் அங்கே போனார்கள். பொறாமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்? நாங்களும் வெள்ளிக்கிழமை மதியம் மன்றம் தவறாமல் நடத்த ஆரம்பித்தோம். கூத்து கட்டும் குடும்பத்துப் பையன் ஒருவன் கர்ணனாக வந்து நின்றபோது, சுவருக்கு வெளியே ஊரே நின்று பார்த்தது. சோற்றுக்கு ஊர் வர வேண்டிய அவசியம் தீர்ந்த பிறகு, ஊரை உள்ளே கொண்டுவந்தவை இந்த வெள்ளிக்கிழமைகள்தாம். இதற்கு ஒரு திட்டமும் கிடையாது. வாத்தியாருக்கு மனசிருந்தால் நடக்கும். நான் ஓய்வுபெற்ற 2008-க்குள் வேன்கள் வந்து பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிகளுக்கு அள்ளிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தன. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் முள்வேலி மரங்களில் பாதியைச் சாய்த்தது.

இப்போது 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று 2022 டிசம்பரிலிருந்து நன்கொடைத் திட்டம் இருக்கிறது. சுந்தரவடிவேலு செய்ததுதான், கம்ப்யூட்டரில் நடக்கிறது. கம்பெனிகள் கொடுக்கின்றன. கொடுத்த கடிகாரம் ஓடுகிறதா என்று பார்க்க யார் வருவார்கள் என்று தெரியவில்லை.

நேற்று மாலை பேத்தி, "சாம்பார் ஒரே தண்ணி தாத்தா, யார்கிட்ட சொல்றது?" என்றாள். உங்கள் பள்ளியில் உணவு அமைச்சர் யார் என்று கேட்டேன். "அப்படின்னா?" என்றாள். இன்று காலை கேட்டோடு நிற்காமல் உள்ளே போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தேன். சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வருகிற வெள்ளிக்கிழமை தேர்தல் வைக்கலாம் என்றிருக்கிறார். வீட்டில் போன வருடப் புளியின் கொட்டை ஒரு டப்பா நிறைய இருக்கிறது. எடுத்து வெயிலில் காயப்போட்டிருக்கிறேன்.