காலஞ்சென்ற அந்தோனியோவின் மகன்

இத்தாலியின் பழைய பிறப்பு, திருமண, மரணப் பதிவேடுகளைப் படிக்க விரும்புகிறவர் முதலில் அறியவேண்டியது 'ஃபு' என்ற ஓரசைச் சொல்லை. 'ஜுசெப்பே தி அந்தோனியோ' என்று எழுதியிருந்தால் ஜுசெப்பே அந்தோனியோவின் மகன், அந்தோனியோ உயிரோடிருக்கிறார். 'ஜுசெப்பே ஃபு அந்தோனியோ' என்றிருந்தால் தகப்பன் போய்விட்டார். நம்முடைய மரண அறிவித்தல்களில் 'காலஞ்சென்றவர்களான இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும்' என்று வருமே, அந்தக் 'காலஞ்சென்ற'தான் இது. மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவில் 'தி' என்றும் இளைய பிள்ளையின் பதிவில் 'ஃபு' என்றும் கண்டால், அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் மரணப் பதிவேட்டைப் புரட்டினால் போதும். பாட்டன் அகப்படுவார்.

இந்தத் தேடலில் என்னை இறக்கிவிட்டவர் சம்பந்தியம்மா. என் மகளின் மாமியார். ரொறன்ரோவில் வளர்ந்தவர், பூர்வீகம் தென்னித்தாலியின் பசிலிக்காத்தா மாகாணத்தில் ஒரு மலையூர். (சம்பந்திக்கு இத்தாலிய மொழியிலும் 'கொன்சுவோச்செரா' என்று தனிச்சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லாத உறவுப்பெயர் எங்கள் இருவரிடமும் இருந்தது முதல் சந்திப்பிலேயே பெரிய ஆறுதல்.) அவருடைய பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் அந்த ஊரில் வேறெவருக்கும் கிடையாது. ஆகவே தாங்கள் எங்கிருந்தோ வந்த ஒரு பிரபுவின் வழி என்பது அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உலவும் கதை. பழைய கையெழுத்தைப் படிக்க அவருக்குக் கண்பார்வை போதாது. எனக்கு ஓய்வூதியமும் நேரமும் இருந்தன.

இத்தாலி என்ற அரசு 1861இல்தான் உருவானது. நாடு முழுவதற்குமான குடிசார் பதிவு 1866 ஜனவரி 1இல் தொடங்கியது. வெனெத்தோ பகுதிக்கு அது 1871இல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே நெப்போலியனின் ஆட்சி இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்திருந்தது: வடக்கின் பல பகுதிகளில் 1806இல், நேப்பிள்ஸ் இராச்சியத்தில் 1809இல். நெப்போலியன் விழுந்ததும் வடக்கின் பெரும்பகுதியில் பதிவு நின்றுபோனது. நேப்பிள்ஸுக்குத் திரும்பிவந்த பூர்போன் மன்னர்களோ பதிவேட்டை மட்டும் கைவிடவில்லை. 1820இல் சிசிலிக்கும் அதை நீட்டினார்கள். விளைவு விசித்திரமானது. செல்வம் மிக்க வடக்கின் பல ஊர்களில் அரை நூற்றாண்டுக்கு அரசுப் பதிவே இல்லை. வறிய தெற்கிலோ, சொந்தமாகத் துண்டு நிலம்கூட இல்லாத கூலியாளின் வாழ்க்கை 1809 முதல் தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கிறது. அரசனுக்குக் குடிகள்மேல் பொங்கிய அன்பு என்று யாரும் நினைக்கவேண்டாம். படைக்கு ஆள் பிடிக்க வயது தெரியவேண்டும்.

தெற்கின் பிறப்புப் பதிவு ஓர் அச்சிட்ட படிவம். தகப்பன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்மன்றத்துக்கு வரவேண்டும். அதிகாரி பிள்ளையைத் தன் கண்ணால் பார்த்து, ஆணா பெண்ணா என்று உறுதிசெய்து எழுதுவார். தகப்பனின் வயது, தொழில், குடியிருக்கும் தெரு, தாயின் பெயர், வயது, இரண்டு சாட்சிகள். வலதுபக்கத்தில் ஒரு பத்தி, பங்குத்தந்தை ஞானஸ்நானம் கொடுத்த தேதிக்காக. கடைசியில் பெரும்பாலும் ஒரே வரி: எழுதத் தெரியாது என்று சொன்னதால் இவர்கள் ஒப்பமிடவில்லை. கைநாட்டுக்கூட இல்லாத அந்த மனிதர்களைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது. ஒவ்வொரு பதிவேட்டுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று ஊரில் தங்கியது, மற்றது நீதிமன்றம் போய்ப் பின்னாளில் அரச ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்தது. நிலநடுக்கத்திலும் தீயிலும் ஒன்று போனாலும் மற்றது மிஞ்ச வாய்ப்பிருந்தது. 2011இல் திறக்கப்பட்ட 'அந்தெனாத்தி' என்ற அரசு இணையவாசலில் அந்தப் பக்கங்களின் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். மூதாதையர் என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

பெண்களைத் தேடுவது அங்கே சுலபம். திருமணமானாலும் அவர்கள் தம் பிறந்தவீட்டுப் பெயரிலேயே பதியப்படுகிறார்கள், கல்லறைப் பதிவு வரை. ஆண்களைத் தேடுவதுதான் தலைவலி. மூத்த மகனுக்கு அப்பப்பாவின் பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மப்பாவின் பெயர் என்பது தெற்கின் வழமை. பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தானே நாங்கள் 'பெயரன்' என்றோம், அதுவே பேரன் ஆனது. அந்தோனியோவுக்கு ஐந்து மகன்மார் இருந்தால், ஐந்து வீடுகளிலும் ஒரு அந்தோனியோ ஓடித்திரிவான். ஒருவன் குழந்தையிலேயே இறந்தால் அடுத்து வருகிறவனுக்கும் அதே பெயர். மரணப் பதிவைப் பார்க்காமல் பிறப்புப் பதிவை நம்பினால், வளராத பிள்ளைக்குப் பேரப்பிள்ளைகளைக் கட்டிவைத்துவிடுவோம்.

1809க்கு முன்னே போகவேண்டுமானால் கோவில்தான் கதி. திரெந்துப் பொதுச்சங்கம் 1563இல் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 1614இன் உரோமைச் சடங்குநூல் மரணப் பதிவையும், 'ஸ்தாத்தோ தெல்லே ஆனிமே' என்ற ஆன்மாக்களின் கணக்கையும் சேர்த்தது. உயிர்ப்புத் திருநாளை ஒட்டிப் பங்குத்தந்தை வீடுவீடாகப் போய், யார் யார் இருக்கிறார்கள், யார் நற்கருணை வாங்கினார்கள் என்று எழுதிவைப்பார். ஒல்லாந்தர் காலத்துப் பள்ளித் தோம்புகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

அரசும் திருச்சபையும் முரண்பட்ட காலம் தனிக்கதை. 1866 முதல் ஊர்மன்றத் திருமணம் மட்டுமே சட்டப்படி செல்லும். 1929 உடன்படிக்கைக்குப் பிறகுதான் கோவில் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு திரும்பக் கிடைத்தது. இடையில் பக்தியுள்ள ஏழைகள் பலர் கோவிலில் மட்டும் தாலிகட்டி (அவர்களுக்கு மோதிரம்) குடும்பம் நடத்தினார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் மணமாகாதவர்கள். சம்பந்தியம்மாவின் அப்பம்மாவினுடைய பிறப்புப் பதிவில் தாயின் பெயரே இல்லை. 'மணமாகாத, தனக்கு உறவல்லாத ஒரு பெண்ணிடம் பிறந்தவள்' என்று தகப்பன் சொன்னதாக மட்டும் இருக்கிறது. சம்பந்தியம்மாவின் முகம் மாறியது. பங்குப் பதிவேட்டில் அவர்கள் முறையாக மணமுடித்தவர்கள் என்று காட்டியபிறகுதான் கோப்பியைக் குடித்தார்.

அப்பப்பாவின் வழியில் ஒரு படி மேலேறியபோது எனக்கு அகப்பட்டது 'ப்ரொசெஸ்ஸெத்தி'. தெற்கில் 1866க்கு முன் மணமுடிக்க வந்தவர்கள் கொடுத்த சான்றுகளின் கட்டு அது. மணமக்களின் பிறப்புச் சான்று வேண்டும். தகப்பன் இறந்திருந்தால் அவருடைய மரணச் சான்று வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் பாட்டனின் சம்மதம், பாட்டனும் இல்லாவிட்டால் அவருடைய மரணச் சான்று. இப்படி ஒரே திருமணக் கட்டுக்குள் மூன்று தலைமுறை ஒன்றாகக் கிடக்கும். என்னைக் கேட்டால், இத்தாலியப் பதிவுகளிலேயே பெரிய புதையல் இதுதான்.

பூட்டனின் கட்டில் மணமகளின் பக்கம் நிறைந்திருந்தது. மணமகனின் பக்கத்தில் ஒரேயொரு தாள். 1830களின் பிறப்புப் பதிவின் நகல். பிள்ளையைத் தூக்கிவந்தது தகப்பன் அல்ல. ஊரின் 'ரோத்தா'வைக் காவல்காத்த பெண்.

ரோத்தா என்றால் சக்கரம். சுவரில் பதித்த, சுழலும் மரப்பெட்டி. வெளியே பிள்ளையை வைத்துத் திருப்பினால் உள்ளே போய்விடும்; விட்டவரின் முகத்தை எவரும் பார்க்கமாட்டார்கள். புளோரன்சில் 1445இல் திறந்த இன்னொசெந்தி இல்லத்தில், தாய்மார் பதக்கத்தை இரண்டாக வெட்டி ஒரு பாதியைப் பிள்ளையோடு விட்டுப்போனார்கள், என்றோ ஒருநாள் பொருத்திப் பார்க்கலாம் என்று. நேப்பிள்ஸின் அன்னுன்சியாத்தா இல்லத்துச் சக்கரம் 1875 வரை சுழன்றது. இப்படி வந்த பிள்ளைகளுக்கு இட்ட பெயர்கள்தாம் நேப்பிள்ஸின் எஸ்போசிதோ, புளோரன்சின் இன்னொசெந்தி, மிலானின் கொலொம்போ, உரோமையின் ப்ரொயெத்தி. பெயரே தழும்பாகக்கூடாது என்று பின்னாளில் தெற்கின் அதிகாரிகள் புதுப்பெயர்களைக் கற்பிக்கவேண்டியிருந்தது. ஊரில் வேறெவருக்கும் இல்லாத அந்தக் குடும்பப் பெயர் எந்தப் பிரபுவினுடையதும் அல்ல. ஓர் எழுத்தர் அன்று காலை யோசித்தது.

பெற்றோர் பெயர் அறியாதவர்கள் பின்பும் நெடுங்காலம் தம் பத்திரங்களில் 'என். என்.' என்ற இலத்தீன் சுருக்கத்தைத் தகப்பன் பெயருக்குப் பதிலாகச் சுமந்தார்கள். 1955இல் வந்த சட்டம்தான் சான்றிதழ்களிலிருந்து பெற்றோரின் பெயரையே எடுத்து அந்த அவமானத்தை நிறுத்தியது. 'ஃபு'வும் அதோடு மறைந்தது.

குடியுரிமையைப் பொறுத்தவரை இத்தாலியச் சட்டம் கைவிடப்பட்ட பிள்ளையைத் தன் பிள்ளையாகவே கொள்கிறது. எங்கள் நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திலும் அப்படி ஒரு பிரிவு உண்டு: பெற்றோர் தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தை இலங்கைப் பிரஜையாகக் கருதப்படும். அதே சட்டம், தகப்பன் யாரென்று ஊருக்கே தெரிந்த தோட்டத்துத் தொழிலாளியிடம் தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குக் கடதாசி கேட்டது. கடதாசி இல்லாததால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். அந்தச் சட்டம் எழுதியவர்களுக்கு அனாதைக் குழந்தையைவிட மலையகத்தான் அந்நியனாகத் தெரிந்திருக்கிறான். 2025இல் இத்தாலியும் கதவைச் சாத்திக்கொண்டது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் குருதிவழியில் குடியுரிமை கோருவதைப் பெரும்பாலும் பெற்றோர், பாட்டன் பாட்டி அளவோடு மட்டுப்படுத்திவிட்டார்கள். பூட்டன்மாரின் கட்டுகளுக்கு இனி அரசிடம் விலை இல்லை.

பூட்டனின் தாளைச் சம்பந்தியம்மாவுக்கு வரிவரியாக வாசித்தேன். பழந்துணியில் சுற்றப்பட்ட ஆண்பிள்ளை, பிறந்து ஒரு நாள் இருக்கலாம், உடலில் அடையாளம் எதுவும் இல்லை. ஓரத்தில், பின்னாளில் பெற்றோர் வந்து உரிமை கோரியிருந்தால் எழுதப்படும் இடம் வெறுமையாக இருந்தது. பிரபுவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. துணி என்ன நிறம் என்று கேட்டார். எழுதவில்லை என்றேன்.

"தூக்கிவந்த பெண்ணின் பெயர்?"

அது இருந்தது. வயதும் இருந்தது, நாற்பத்திரண்டு. தொழில் நூல்நூற்பவள். கணவன் காலஞ்சென்றவர். ஒப்பமிடத் தெரியாது. அவளுக்கும் ஒரு மரணப் பதிவு இருக்குமே, அதையும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். 1830களிலிருந்து ஆண்டாண்டாகப் புரட்டி வருகிறேன். இப்போது 1851இல் நிற்கிறேன்.