உடையார்குடிக் கல்லும் பழுவூரார் பழியும்

பழுவேட்டரையர் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் சதி என்னும் சொல்லும் உடன் நினைவுக்கு வராத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே இருப்பர். பிரிக்பீல்ட்ஸ் புத்தகக் கடைகளில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாக வாங்கிச் செல்வோரை நாம் கண்டிருக்கிறோம். 2022-லும் 2023-லும் மணிரத்னம் அதனை இரு படங்களாக வெளியிட்டபோது, நூலைத் தொட்டறியாதவர்களும் பழுவூராரை அறிந்துகொண்டனர். கிள்ளானுக்கு அண்மையில் நாம் கிராணியாக வேலை பார்க்கும் தோட்டத்தில், வயது முதிர்ந்த மண்டோர் ஒருவருக்கு அப்பெயரையே பட்டமாகச் சூட்டி, அவர் முதுகுக்குப் பின்னால் நகைத்தவர்களும் உண்டு. அவர் விஷயத்தைப் பின்னர்ச் சொல்வோம். கதையில் வரும் பழுவேட்டரையரைப் போன்றே சரித்திரத்துப் பழுவேட்டரையரும் இருந்தனரா என்பதே முதற்கண் நம் கேள்வி.

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் தமது வாரப் பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை எழுதிய அந்நவீனம், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைமீது குதிரையேறி வரும் வந்தியத்தேவனோடு தொடங்குகிறது. அன்றிரவே கடம்பூர் மாளிகையில் சிற்றரசர் கூடி, சுந்தர சோழரின் மக்களை விலக்கிவிட்டு மதுராந்தகனைச் சிங்காதனம் ஏற்றுவதெனப் பேசுகின்றனர். கூட்டத்திற்குத் தலைவர் பெரிய பழுவேட்டரையர். அறுபத்துநான்கு விழுப்புண் தாங்கிய கிழவீரர். சோழப் பொக்கிஷத்தின் சாவி அவர் இடுப்பில். தஞ்சைக் கோட்டையின் காவல் தம்பியார் கையில். முதிர்ந்த வயதில் அவர் மணந்த நந்தினியோ, பாண்டியன் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலன்மீது பழிதீர்க்கக் காத்திருப்பவள். மந்திரவாதி வேடத்தில் திரியும் ரவிதாஸன் அவளுக்குக் கையாள். கல்கி அக்கிழவரை முழுத் தீயவராக விட்டுவிடவில்லை. தம் பிழை உணர்ந்து வருந்தி மாளச் செய்திருக்கிறார். ஆயினும் வாசகர் மனத்தில் நின்றது அந்த வருத்தமன்று, கடம்பூரில் கூடிய கூட்டமே.

இனி உண்மையைப் பார்ப்போம். பழுவூர் என்பது இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கீழையூர், மேலப்பழுவூர் என வழங்கும் பகுதி. முதற் பராந்தக சோழர் பழுவேட்டரையர் குலத்துப் பெண்ணை மணந்தார். அவள் வயிற்றில் பிறந்த அரிஞ்சயரே சுந்தர சோழரின் தந்தை என்று அன்பிற் செப்பேடு கூறுகிறது. எனவே கொலையுண்ட ஆதித்த கரிகாலன் உடம்பிலும் பழுவூர் இரத்தமே ஓடிற்று. வெள்ளூர்ப் போரில் பாண்டியனையும் அவனுக்குத் துணையாக வந்த ஈழப் படையையும் எதிர்த்துச் சோழர் பக்கம் பொருதவர் கண்டன் அமுதன் என்னும் பழுவேட்டரையர். உத்தம சோழர் நாளில் மறவன் கண்டனும், ராஜராஜர் நாளில் கண்டன் மறவனும் பழுவூரில் அதிகாரத்தோடு விளங்கினர் என்பதற்குக் கல்வெட்டுகள் சான்று. தன் தமையனைக் கொல்லச் சதி செய்தவர் குலத்தை ராஜராஜர் பழுவூரில் சிற்றரசராக வைத்து வாழவிட்டிருப்பாரா? சிறு பிள்ளையும் இதற்கு விடை கூறும்.

அவ்வாறாயின் கரிகாலனைக் கொன்றவர் யார்? இதற்கு விடை, கதை தொடங்கும் அதே வீரநாராயண ஏரியின் அருகிலேயே கல்லில் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரம் கோயிலில், ராஜராஜரின் 2-ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது 987-ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டு அது. சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்னும் பட்டம் பெற்ற ரவிதாஸன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்னும் பட்டம் பெற்ற பரமேஸ்வரன் ஆகியோரை, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழரைக் கொன்ற துரோகிகள் என்று அரசாணை பெயர் சொல்லிக் குறிக்கிறது. ரவிதாஸன் கல்கியின் கற்பனை என்று எண்ணியிருப்போர் இதனைக் கவனிக்க. அவன் காட்டில் ஆந்தைபோல் அலறிய மந்திரவாதி அல்லன், பட்டம் பெற்ற பெரிய அதிகாரி. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர்; பரமேஸ்வரன் பெற்ற பட்டமோ சோழன் பெயரையே தாங்கியது.

இவர்கள் பிராமணர் என்பதைக் கொண்டு ஒரு சாதியார் முழுவதன்மீதும் பழி சுமத்தி எழுதுவோர் உண்டு. அதற்கு அஞ்சி அக்கல்வெட்டைப் பற்றியே வாய் திறவாதோரும் உண்டு. இருசாராரிடத்தும் நமக்கு உடன்பாடில்லை. நம்மைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. அவ்வாணை துரோகிகளோடு நிற்கவில்லை. அவர்கள் மக்கள், தம்பி மக்கள், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர், மகளை மணந்தவர் என்று உறவு முறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவர்கள் உடைமைகளையும் விற்கச் சொல்கிறது. மாமனார் என்ன சதி செய்தாரோ, மருமகன் என்ன அறிவானோ, கல் அதனைக் கேட்கவில்லை. விற்பனையை மேற்பார்க்க அரசர் இருவரை அனுப்பினார்; அவர்கள் மேற்பார்வைக்குக் ‘கண்காணி’ என்ற சொல்லே அங்கே வழங்குகிறது. ஆயிரம் ஆண்டு கழித்து அச்சொல் கங்காணியாகிக் கப்பலேறி நம் தோட்டங்களுக்கு வந்த வரலாற்றை யாரேனும் தனியே எழுதவேண்டும். விற்கப்பட்ட நிலத்தை ஒருவர் பொன் கொடுத்து வாங்கிக் கோயில் அறத்திற்கு அளித்தார். அந்த அறத்தைப் பதியவே கல் வெட்டப்பட்டது. அது கொலைவழக்கின் தீர்ப்பு அன்று, நிலக்கணக்கு என்க. ஆகையால்தான் ஏன் கொன்றார்கள் என்பதைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை.

அந்த வெற்றிடத்திலேதான் கதாசிரியர் நுழைகிறார். பள்ளி நாளில் நாம் ஆங்கிலத்தில் படித்த தூமாவின் ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ என்னும் 1844-ஆம் ஆண்டு நவீனத்தில், பக்கிங்ஹாம் பிரபுவைக் குத்திக் கொல்லும் பெல்டனை ஓர் அழகி மயக்கி ஏவுகிறாள். அவளுக்குப் பின்னால் ரிஷ்லியூ கார்டினல் நிற்கிறார். 1628-இல் போர்ட்ஸ்மத்தில் உண்மையாகவே குத்திய ஜான் பெல்டன், போரில் காயமுற்று, பதவி உயர்வும் சம்பளப் பாக்கியும் கிடைக்காமல் குமுறிய ஒரு படை அதிகாரி. அவனை ஏவிய அழகி எவளும் இலள். ரிஷ்லியூவோ 1635-இல் பிரெஞ்சு மொழிக் கழகத்தை நிறுவியவர். உலகம் அவரை அறிவதோ சிவப்பு அங்கி அணிந்த சூழ்ச்சிக்காரராக. சம்பளப் பாக்கியை வைத்துக் கதை எழுதினால் யார் படிப்பார்?

கதாசிரியர் மட்டும் அன்று, சரித்திர ஆசிரியரும் அவ்வெற்றிடத்தில் நுழைந்தனர். கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. இடையில் உத்தம சோழர் 985 வரை ஆண்டார். துரோகிகள்மீது நடவடிக்கை ராஜராஜரின் 2-ஆம் ஆண்டிலேதான் காணப்படுகிறது. ஆகவே உத்தமர் அவர்களைக் காப்பாற்றினார், அவருக்கும் கொலையில் பங்கு உண்டு என்று பேரறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். ராஜேந்திரரின் திருவாலங்காட்டுச் செப்பேடோ, குடிகள் வேண்டியும் அருள்மொழி தம் சிற்றப்பர் விரும்பும் வரை அரசை விரும்பவில்லை என்கிறது. சதாசிவ பண்டாரத்தார் சாஸ்திரியார் கருத்தை ஏற்கவில்லை. உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை ராஜராஜர் கோயில் காரியங்களை ஆராயும் உயர்பதவியில் அமர்த்தினார். தம் மகன் ராஜேந்திரருக்கும் மதுராந்தகன் என்றே பெயரிட்டார். பின்னாளில் கடாரத்திற்கு, அதாவது நமது கெடாவிற்குப் படையனுப்பியவர் அந்த ராஜேந்திரரே. தமையனைக் கொன்றவன் பெயரை யாரேனும் தம் பிள்ளைக்கு இடுவரோ? கல்கிக்கும் இச்சங்கடம் தெரிந்திருந்தது போலும். மதுராந்தகனையும் உத்தம சோழரையும் வேறு வேறு ஆட்களாக்கித் தப்பித்துக்கொண்டார்.

சாஸ்திரியார் கல்வியின் முன் நாம் எம்மாத்திரம்! ஆயினும் கணக்குப் புத்தகத்தோடு பத்தாண்டு கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வோம். பதிவின் தேதி வேறு, காரியம் நடந்த தேதி வேறு. அக்கல்லில் உள்ளது நிலம் கைமாறிய காலம். துரோகிகள் அதற்கு எத்தனை ஆண்டு முன் பிடிபட்டனர், என்ன தண்டனை பெற்றனர் என்பதை அத்தேதி காட்டாது.

இதனை நாம் நூலிலிருந்து கற்கவில்லை. முன்னே சொன்ன மண்டோர் தோட்டத்துக் கோயில் திருவிழாப் பணத்திற்குப் பொறுப்பாளர். செலவு போக எஞ்சிய தொகையை ஏப்ரலிலேயே ஆபீஸில் நம் கையில் கொடுத்துவிட்டார். நாம் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மாதச் சம்பளக் கணக்கிலும் செக்ரோலிலும் மூழ்கி, ஜூனிலேதான் புத்தகத்தில் ஏற்றினோம். புத்தகத்தைப் பார்த்தவர்கள் ஜூன் என்று கண்டனர். இரண்டு மாதம் கிழவர் பணத்தைச் சுழற்றினார் என்று பிரட்டுக் களத்தில் பேச்சு எழுந்தது. அன்றுதான் பழுவேட்டரையர் என்ற பட்டமும் பிறந்தது. நாம் அப்போதே உண்மையைச் சொன்னோம். ஆனால் உரக்கச் சொல்லவில்லை, நம் தாமதம் துரைக்குத் தெரியவருமே என்று அஞ்சினோம். அவர் பொறுப்பை விட்டு விலகினார். அவ்வாண்டு முடியும் முன் கிள்ளானில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

சென்ற தைப்பூசத்தை ஒட்டி அவரைக் காணச் சென்றோம். தவறு நம்முடையதே என்றும், தோட்டத்தில் பலர் முன்னிலையில் அதனைச் சொல்லிவிட்டோம் என்றும் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தேதியைத் திருத்திப் போட்டுவிட்டீர்களா, கிராணி ஐயா?” என்றார்.

“ஏறிய தேதியைத் திருத்தக் கூடாது, பெரியவரே. பக்கத்தோரத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.”

“அந்தப் பக்கத்தை இனி யார் புரட்டிப் பார்ப்பார்கள்?” என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி, நமக்குக் காப்பி கொண்டுவரும்படி மகளிடம் சொன்னார்.