மேல் கண்மாயும் முடக்குவாதமும்

திருச்சுழிப் பக்கம், குண்டாற்றை ஒட்டிய ஊர்களை நல்ல மழைக்குப் பின் பார்த்திருக்கிறீர்களா? மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும். அந்நீர் அடுத்த கண்மாயை நிரப்பும். அது நிறைந்தால் அதற்கும் அடுத்ததை. மேலே தண்ணீர் நின்றுவிட்டால் கீழே உள்ளவை வறளும். ஒரு நோயின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இது நமக்கு உதவும்.

அருப்புக்கோட்டையில் தறியில் அமரும் ஒருவருக்கு முடக்குவாதம் கண்டதாகக் கொள்வோம். காலையில் விரல்கள் மடங்கா. அறுந்த இழையை முடிய ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேலை மிகுதியால் வரும் வலி மாலையில் கூடும். இதுவோ விடியற்காலையில் வாட்டும். உடலைக் காக்க வேண்டிய தடுப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்குவதால் வரும் நோய் இது.

தாக்கும் உயிரணுக்கள் சைட்டோகைன்கள் எனப்படும் சிறு புரதங்களின் வாயிலாகச் செய்தி அனுப்புகின்றன. 1980-களில் வீங்கிய மூட்டுகளில் இவை பல காணப்பட்டன. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று அதன் வேலையைச் செய்துவிடும், ஆகவே பயனில்லை என்றே பலரும் எண்ணினர். லூதியானாவில் 1937-ல் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் இதை ஐயுற்றனர்.

அவர்களுடன் பணியாற்றிய ஃபியனுலா பிரெனன், நோயாளிகளின் மூட்டுச் சவ்வு உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார். டி.என்.எஃப். என்ற ஒரே புரதத்தை எதிர்ப்பொருளால் தடுத்தார். என்ன ஆயிற்று தெரியுமா? இன்டர்லூக்கின்-1 என்ற மற்றொரு புரதமும் குறைந்தது! மேல் கண்மாய் எதுவென்று தெரிந்துவிட்டது. 1989-ல் இம்முடிவு வெளியாயிற்று. (2003-ல் லாஸ்கர் விருது மைனிக்கும் ஃபெல்ட்மனுக்கும் கிடைத்தது. பிரெனனையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.)

1992-ல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் அந்த எதிர்ப்பொருளை நோயாளிகளின் இரத்த நாளத்தில் செலுத்தினர். அம்முதல் சோதனையில் 20 பேர். வலி தணிந்தது, வீக்கம் வடிந்தது. ஆனால் மருந்தின் வேகம் அடங்கியதும் நோய் திரும்பியது. வேரோடு தீர்க்கும் மருந்தன்று இது.

மேல் கண்மாய் நீரில் நல்ல பயிரும் விளைந்துகொண்டிருந்தது என்பது பின்னரே தெரிந்தது. 2001-ல் அமெரிக்க அறிக்கை ஒன்று, இம்மருந்து பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் கண்டதைக் கூறிற்று. நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி உயிரணுக்கள் சுவர் எழுப்பி அடைத்து வைக்கின்றன. அச்சுவரைக் கட்டிக் காப்பதும் டி.என்.எஃப். தான். அதைத் தடுத்தால் சுவர் தளரும், கிருமி விழிக்கும்.

இத்தகைய உறங்கும் கிருமியைத் தாங்கியவர்கள் நம் நாட்டில் ஏராளம். எனவே நம் தறிக்காரருக்கு முதலில் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மாத்திரைகளே தரப்படும். அவை போதாமல் இந்த ஊசி தேவைப்பட்டால், மருத்துவர் முதலில் அவர் மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். தோலிலோ இரத்தத்திலோ காசநோய்ச் சோதனையும் செய்வார். கிருமி உறங்குவதாகத் தெரிந்தால் அதற்கான மாத்திரைகள் முன்னே, ஊசி பின்னே. விரல் வலிக்கு வந்தவனின் நெஞ்சை எதற்குப் படம் பிடிக்கிறார்கள் என்று அவர் கேட்டால், இனி நீங்களே விளக்கலாம்.