விடுதிச் சோறும் எழுத்தும்

கொட்டியாரக் குடாவின் தெற்கே, மூதூரை அடுத்துள்ள கிளிவெட்டியில், 2006ஆம் ஆண்டுப் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுட் பலர் 2007 முதல் இடைத்தங்கல் முகாமில் வாழ்ந்தனர். தவழும் வயதில் அங்கு வந்த பிள்ளை, பாடசாலையில் நான்கைந்து வகுப்பேறும் வரை ஊர் திரும்பவில்லை. இத்தகைய முகாம்களில் அரச நிவாரணம் சுருங்குந்தோறும், திருச்சபைகளும் தொண்டு நிறுவனங்களும் பிள்ளைகளைத் தேடி வருவது வழக்கம். உணவும் கொப்பியும் கொண்டு வருபவரின் சமயம் யாதென வறிய தாய் விசாரிப்பதில்லை. ஆயின் வரலாற்று மாணவன் விசாரித்தல் வேண்டும். ஈழத்தமிழரிடையே இப்பணிக்கு இருநூறாண்டு வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தை யாழ்ப்பாணத்திலேயே காணலாம்.

1816இல் அங்கு வந்த அமெரிக்க மிசனார் பகற் பாடசாலைகளோடு அமையாது, பிள்ளைகளைத் தம் வளவிலேயே தங்கவைத்து உணவும் உடையும் கல்வியும் அளித்தனர். செலவைக் கடல் கடந்த உபகாரிகள் ஏற்றனர். ஒரு பிள்ளையின் செலவை ஏற்றவர் அப்பிள்ளைக்குப் பெயரிடும் உரிமையையும் பெற்றார்! நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என நம் இலக்கிய வரலாற்றில் வழங்கும் விசித்திரப் பெயர்கள் இவ்வழக்கத்தின் எச்சங்களே. சோற்றுக்கு விலையாகப் பெயரைக் கொடுத்தனர் என்று இதனைக் கூறினால் மிகையாகாது. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதியிலோ, படித்து முடிக்கும் பெண்ணுக்கு மிசனே சீதனமும் கொடுத்தது.

ஆயினும் பிள்ளைகள் வாய்மூடிப் பெற்றுக்கொண்டவரல்லர். கிறிஸ்தவர் சமைத்ததை உண்ணோம் என்றனர். சாதியிற் குறையாத சமையற்காரன் வேண்டும் என்றனர். மிசனாரும் முதலில் இணங்கினர். இங்கேதான் நாம் சற்று நிற்றல் வேண்டும். விடுதியிற் சேர்ந்தோர் பெரும்பாலும் வேளாளப் பிள்ளைகள். வறியவராயினும் பேரம் பேசும் நிலையில் இருந்தவர்கள். பேரம் பேச வலியற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தப் பந்தியில் இடம் அரிதாகவே கிடைத்தது. ஏழைகளுக்கான பணி, ஏழைகளுள்ளும் ஏழையைக் கடந்து சென்றது.

வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தோன்றியது. அங்கு கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். கிறிஸ்தவராகப் பிறந்த தாமோதரம்பிள்ளை பின்னர் சைவராகி, கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். அமெரிக்க உபகாரிகளின் வரவுசெலவில் இடம்பெறாத இலாபம் இது! அவர்கள் எதிர்பார்த்தது சுவிசேஷ ஊழியர்களை. ஆங்கிலம் கற்றோரோ அரச உத்தியோகத்தை நாடினர். 1855இல் செமினரி மூடப்பட்டது. பிள்ளைகளின் கல்வி எத்துணைப் பயன் விளைத்தாலும், கொடுப்பவர் தம் நோக்கம் நிறைவேறவில்லை எனக் கண்டால் கதவை அடைத்துவிடலாம். தருமத்தின் இயல்பு அது.

1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மிசனாரின் பாடசாலை முறையைக் கைக்கொண்டார். சாதி வரம்பை மட்டும் கைவிட்டாரில்லை. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற விதி வலியுறுத்தப்பட, மேலும் எண்பது ஆண்டுகள் கழிந்தன. அப்போதும் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரே, படிப்பு எவருடைய இரக்கத்தையும் சாராத உரிமையாகச் சட்டத்தில் இடம்பெற்றது.

கிளிவெட்டிப் பிள்ளைகளுக்கும் அச்சட்டம் இருந்தது, இல்லாதது ஊர். 2015 ஆகஸ்டில் சம்பூரில் 818 ஏக்கர் நிலமும், 2016 மார்ச்சில் கடற்படை வசமிருந்த 177 ஏக்கரும் மக்களிடம் கையளிக்கப்பட்டன. அதன் பின்னரே முகாம் வாழ்வு முடிவுக்கு வந்தது.