நிலக்கரிச் சுரங்க வெடிமருந்துச் சோதனை

நிலக்கரிச் சுரங்கத்தினுள் வைக்கும் வெடி, அங்குள்ள மீத்தேன் வாயுவையும் நிலக்கரித் தூசியையும் பற்றவைக்காமல் இருக்குமா என்று பார்ப்பதே இச்சோதனை. இதில் தேறியவை ‘அனுமதிக்கப்பட்ட வெடிமருந்துகள்’ எனப்படும்.

கொங்கு நாட்டில் பாறையைக் குடைந்து தோட்டா வைத்துக் கிணறு வெட்டுவது பழகிய வேலை. திறந்த கிணற்றில் வெடியின் தீப்பிழம்பு மேலே போய்விடும். அதே தோட்டாவை நிலக்கரிச் சுரங்கத்தில் வெடித்தால் கதையே வேறு. காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் அது வெடிக்கும்; அந்த அதிர்வில் எழும் தூசியும் சேர்ந்து பற்றும். பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10 அன்று இப்படித் தூசி பற்றி 1,099 பேர் இறந்தனர்.

வழி அதற்கு முன்பே தெரிந்திருந்தது. சூடு பட்டவுடன் மீத்தேன் பற்றிவிடுவதில்லை, சிறிது தாமதிக்கிறது என்பதை 1880களில் மல்லார், லெ சாட்டலியே என்ற பிரெஞ்சு அறிஞர்கள் கண்டனர். அந்தத் தாமதத்துக்குள் பிழம்பு அணைந்துவிட்டால் ஆபத்தில்லை. இதற்காக மருந்தில் சேர்க்கப்படுவது பெரும்பாலும் நம் சமையலறை உப்புதான்! அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெடியின் வலுவும் குறையும். வலுவை இழந்தே பாதுகாப்பைப் பெற வேண்டியிருக்கிறது.

சோதனைக்கு நீண்ட எஃகுக் குழாய்க் கூடம் ஒன்று உண்டு. அதில் மீத்தேன் கலந்த காற்றை நிரப்பி, தடித்த எஃகு உருளையின் துளையில் மருந்தை வைத்துக் கூடத்தினுள் வெடிப்பார்கள். வாயு பற்றினால் தோல்வி. ஒருமுறை தப்பினால் போதாது; திரும்பத் திரும்ப வெடித்துப் பார்ப்பார்கள்.

இந்தியாவில் சின்னாகுரியில் 1958இல் மீத்தேன் வெடித்து 170க்கும் மேற்பட்டோரும், தோரியில் 1965இல் தூசி வெடித்து 268 பேரும் மாண்டனர். இவற்றுக்கு வெடிமருந்துதான் காரணம் என்பதல்ல. ஒரு பொறி என்ன செய்யும் என்பதற்கு இவை சான்று. தன்பாத்தில் 1956இல் தொடங்கிய மத்திய சுரங்க ஆய்வு நிலையம் (2007 முதல் மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம்) இச்சோதனைகளை நடத்துகிறது. ஒப்புதல் தருவது சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். பி1, பி3, பி5 எனத் தரங்கள் உண்டு. எண் கூடக்கூடப் பாதுகாப்பு கூடும்.

நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம் என்பதால் அங்கு வாயு தேங்குவதில்லை. பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள கடினமான மணற்பாறையை உடைக்கவே அங்கு வெடி வைக்கிறார்கள்.