பேசும் சிங்கமும் பிணை பெற்ற மானும்

சிறுவர் மாயக்கதைகளில் விலங்குகள் பேசுகின்றன. அவை எந்தக் கொள்கையைப் பேசுகின்றன என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நார்னியா நூல்களில், அஸ்லான் என்னும் சிங்கம் கிறிஸ்துவை நினைவூட்டும் வகையில் உயிர்துறந்து மீள்கிறது. அந்நூல்களைக் கடுமையாகச் சாடிய பிலிப் புல்மன், 1995 முதல் 2000 வரை வெளியிட்ட தம் முந்நூல் தொடரில் திருச்சபையின் அதிகாரத்தைப் பகையாக்கினார். கடவுளென ஆண்டவரை மூப்பால் தளர்ந்து மறையவும் செய்தார்.

புதுக்கோட்டை அமைந்துள்ள நம் தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடங்கியுள்ளார். அவருடைய சீறாப்புராணத்திலும் ஒரு மான் பேசுகிறது. வேடனிடம் சிக்கிய அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நிற்கிறார்கள். கன்றுக்குப் பாலூட்டிய மான் சொன்னபடி திரும்புகிறது. வேடன் ஈமான் கொள்கிறான்.

முன்னவை கற்பனை, இதனை நாம் முஃஜிஸாவாகப் போற்றுகிறோம். எனினும் ஒப்பிடத்தக்க ஒன்று உண்டு. லூயிஸ் நம்பிக்கையை உருவகத்தில் பொதிந்தார். புல்மன் மறுப்பை அவ்வாறே பொதிந்தார். உமறுவின் மானோ வாக்கைக் காத்தது; அவ்வளவே.

புல்மனைப் பிள்ளைகளிடமிருந்து ஒளிக்க வேண்டியதில்லை. அவருடைய வழக்கு, அதிகாரமாகிவிட்ட சமயத்தோடு. மானின் கதையை முன்பே கேட்ட பிள்ளை, அதிகாரம் வேறு, அமானிதம் வேறு என்பதைத் தானே உணரும். கேளாத பிள்ளைக்குச் சமயம் என்பது பிறர் வழக்கின் வழியாகவே அறிமுகமாகும்.